‘சாலைப் பணி நடக்கிறது, மெதுவாகச் செல்லவும்’: அந்தப் பலகைக்குப் பின்னால் யார் பொறுப்பு?

மந்திர் மார்க் என்ற பெயர் எனக்கு முதலில் அறிமுகமானது ஒரு எக்செல் ஷீட்டில்தான். தில்லியின் காற்றுத் தரத்தை அளக்கும் நிலையங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. நவம்பர் பிறந்தால் அந்த வரிசையில் எண்கள் 300, 400 என்று ஏறும். தில்லியின் சராசரி 450-ஐத் தாண்டினால் நெடுஞ்சாலை, மேம்பாலம் கட்டும் வேலைகூட நிறுத்தப்படும். பிர்லா மந்திரும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியும் அதே சாலையில் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி அந்தப் பக்கமாக ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். நல்ல மூடுபனி. திடீரென்று ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். முன்னால் ஒரு இரும்புத் தடுப்பு. அதில் விளக்கு இல்லை, ஒளிரும் பட்டையும் உரிந்துபோயிருந்தது. தடுப்புக்குப் பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒருவர் தலை மட்டும் தெரிந்தது. குழாய் வேலை. “ஒரு விளக்காவது வைக்கக் கூடாதா பாய்?” என்று ஆட்டோக்காரர் இந்தியில் சத்தம் போட்டார். “நாளைக்கு அனுப்புறேன்னு டேக்கேதார் சொல்லியிருக்கார்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஆட்டோ இன்னும் ரெண்டு மீட்டர் போயிருந்தால் நாங்களும் பள்ளத்தில், அவரும் எங்களுக்கு அடியில். இல்லாத அந்த ஒரு விளக்கு இருவரையும் சேர்த்தே காப்பாற்றியிருக்க வேண்டியது. ஆனால் நம் சட்டங்களும் புள்ளிவிவரங்களும் பள்ளத்தில் இருப்பவரை ஒரு துறையிலும், வண்டியில் வருபவரை இன்னொரு துறையிலும் வைத்திருக்கின்றன. ஒரு நகரத் தெருவில் குழாய் பதிக்கும்போதே இப்படி என்றால், 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் பாயும் நெடுஞ்சாலையில் என்ன நடக்கும்?

சுருக்கமாக

- சாலை வேலை நடக்கும் இடம் ஒரு தொழிற்சாலை மாதிரி. வித்தியாசம், அதற்குள்ளேயே பொதுமக்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.
- பாதுகாப்பு விதிகள் இந்தியாவில் எழுத்தில் இருக்கின்றன. ஒப்பந்த முறை, வேகமாக முடிக்கும் அழுத்தம், குறைவான அபராதம் ஆகிய மூன்றும் அவற்றை நீர்த்துப்போகச் செய்கின்றன.
- வேலை நடக்கும் இடங்களில் இறக்கும் தொழிலாளர்களையும் ஓட்டுநர்களையும் ஒன்றாகக் காட்டும் பொதுக் கணக்கு நம்மிடம் இல்லை.

என்னென்ன நடந்திருக்கிறது?

கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றில் ஆறு சம்பவங்களை மட்டும் பார்ப்போம்.

மதுரை, 2021 ஆகஸ்ட் 28: நத்தம் சாலையில் கட்டப்பட்டுவந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் சாலையின் ஒரு பகுதி, கர்டரைத் தூக்கி நிறுத்தும் வேலையின்போது சரிந்தது. உத்தரப் பிரதேசத்தில் இருந்து வந்த ஒரு தொழிலாளி இறந்தார்.

தாணே, 2023 ஆகஸ்ட் 1: மும்பை–நாக்பூர் சம்ருத்தி விரைவுச்சாலையில் கர்டர்களை ஏற்றும் ராட்சத இயந்திரமான லாஞ்சர், ஷாஹாபூர் அருகே இரவு வேலையில் இடிந்து விழுந்தது. 20 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் உண்டு.

உத்தரகாசி, 2023 நவம்பர் 12: சில்க்யாரா சுரங்கப்பாதைக்குள் மண் சரிந்து 41 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். 17-ஆம் நாள்தான் வெளியே வந்தார்கள்.

பரேலி, 2024 நவம்பர் 24: ராம்கங்கா ஆற்றின் மேல் முழுமையடையாத பாலத்தில், கைபேசி வரைபடம் காட்டிய வழியில் போன கார் கீழே விழுந்தது. 3 பேர் பலி. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீது வழக்குப் பதிவானது.

மலப்புறம், 2025 மே 19: கூரியாடு பகுதியில் கட்டப்பட்டுவந்த தேசிய நெடுஞ்சாலை 66-இன் உயர்ந்த பகுதி, பக்கத்திலிருந்த சர்வீஸ் ரோட்டின் மேல் சரிந்தது. கீழே கார்கள் போய்க்கொண்டிருந்தன.

ஆலப்புழா, 2025 நவம்பர் 13: அதே நெடுஞ்சாலையில் அரூர்–துறவூர் இடையே கட்டப்படும் 12.75 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலையின் கர்டர்கள் அதிகாலையில் ஒரு பிக்கப் வேன் மேல் விழுந்தன. ஓட்டுநர் அங்கேயே இறந்தார்.

முதல் மூன்றிலும் பாதிக்கப்பட்டவர்கள் தொழிலாளர்கள். அடுத்த மூன்றில் அந்த வழியாகப் போனவர்கள். செய்தியில் முதல் வகை ‘கட்டுமான விபத்து’ என்றும், இரண்டாம் வகை ‘சாலை விபத்து’ என்றும் வரும். ஆனால் ஆறுமே வேலை முடியாத ஒரு கட்டமைப்பில், வேலையை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் இருந்து கிளம்பியவை.

நல்ல வேலையிடம் எப்படி இருக்க வேண்டும்?

இந்திய சாலைக் காங்கிரஸ் என்பது நம் நாட்டில் சாலைகளுக்கான தரக் கையேடுகளை வெளியிடும் அமைப்பு. வேலை நடக்கும் இடங்களில் போக்குவரத்தை எப்படிக் கையாள்வது என்று தனிக் கையேடே வைத்திருக்கிறது. அதன் 2014 பதிப்பின் பெயர் எஸ்.பி.55. அதன் அடிப்படை எளிமையானது: சாலை வேலையை நான்கு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும்.

முதலாவது, முன்னெச்சரிக்கைப் பகுதி. ‘முன்னால் வேலை நடக்கிறது’ என்று பலகைகள் வரிசையாகச் சொல்லும் இடம். இரண்டாவது, பாதை மாறும் பகுதி. கூம்புகளும் தடுப்புகளும் வண்டிகளைச் சிறிது சிறிதாக ஓரம் கட்டிக் குறுகிய பாதைக்குள் கொண்டுபோகும் இடம். மூன்றாவது, வேலை நடக்கும் பகுதி. ஆளும் இயந்திரமும் இருக்கும் இடம். நான்காவது, வண்டிகள் மீண்டும் பழைய பாதைக்குத் திரும்பும் பகுதி.

இதில் உயிர் காப்பது முதல் இரண்டும்தான். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு சுமார் 28 மீட்டர். கண்ணில் பட்டதை உணர்ந்து காலை பிரேக்குக்குக் கொண்டுபோக 2.5 நொடி ஆகும் என்று சாலை வடிவமைப்பில் வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள்ளேயே கார் 70 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து முழுசாக நிற்க இன்னும் 110 மீட்டர். ஆக மொத்தம் 180 மீட்டர், அதாவது ஒன்றரை கால்பந்து மைதானத்துக்கு மேல். அதே கார் 60-இல் வந்தால் 80 மீட்டர் போதும். கார்களுக்கு விரைவுச்சாலையில் அனுமதிக்கப்பட்ட 120-இல் வந்தால் சுமார் 250 மீட்டர் வேண்டும்.

ராத்திரியில் லோ பீம் வெளிச்சம் இந்த 180 மீட்டரை எட்டாது. தில்லி ஜனவரியின் மூடுபனியில் 50 மீட்டர் தெரிந்தாலே பெரிய விஷயம். அப்படியானால், வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பலகையை வைப்பதால் பெரிய பலன் இல்லை. ஓட்டுநர் அதைப் பார்க்கும்போதே காலம் கடந்திருக்கும். வேகமான சாலையில் எச்சரிக்கை நூற்றுக்கணக்கான மீட்டர்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது, மறுபடி மறுபடி சொல்ல வேண்டும்.

நம் சாலைகளில் அடிக்கடி காண்பது என்ன? மணல் மூட்டை, வெள்ளை அடித்த கல், தார் டின், மரக்கிளை, அதில் கட்டிய சிவப்புத் துணி. பகலில் அது ஒரு அடையாளம். இரவில் அதுவே ஒரு தடை. இரு சக்கர வாகனத்தில் போகிறவருக்கு மணல் மூட்டையே போதும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

விதி இருக்கிறது, அப்புறம் எங்கே பிரச்சினை?

முதலில் பணம். நெடுஞ்சாலைப் பணிகள் பெரும்பாலும் மொத்த விலைக்கு ஒப்பந்தம் விடப்படுகின்றன. சாலையைப் போட்டுக் கொடுக்க இவ்வளவு என்று ஒரே தொகை. எச்சரிக்கைப் பலகை, கான்கிரீட் தடுப்பு, கொடி காட்டும் ஆள், இரவு விளக்கு எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். அப்படியென்றால் வாங்காத ஒவ்வொரு கூம்பும் ஒப்பந்ததாரருக்கு மிச்சம். தார் தடிமன் குறைந்தால் பின்னால் சோதனையில் தெரியும். வைக்காத விளக்கு, வேலை முடிந்த பிறகு எந்தச் சோதனையிலும் தெரியாது.

அடுத்து, ஒப்பந்தச் சங்கிலி. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்கும். அது பாலத்தை ஒருவருக்கும், மண் வேலையை இன்னொருவருக்கும் பிரித்துக் கொடுக்கும். ஆட்களைக் கொண்டுவருவது ஊரில் இருக்கும் ஒரு மேஸ்திரி. மேலே இருந்து மேற்பார்வையிட ஒரு ஆலோசனை நிறுவனம். ஏதாவது நடந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். பள்ளத்தில் நின்றவர் சொன்ன ‘டேக்கேதார்’ இந்தச் சங்கிலியில் எத்தனையாவது கண்ணி என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மூன்றாவது, வேகம். 2020–21-இல் இந்தியா 13,327 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை போட்டது. நாளுக்குச் சுமார் 37 கிலோமீட்டர். 2023–24-இல் 12,349 கிலோமீட்டர், 2024–25-இல் 10,660 கிலோமீட்டர். 2014-இல் 91,287 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் இப்போது 1.46 லட்சத்துக்கு மேல். இது சாதாரண சாதனை இல்லை. ஆனால் நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது ஒவ்வொரு ஆண்டும் பெருமையாகச் சொல்லப்படும் எண். அதே மேடையில், அந்தக் கிலோமீட்டர்களைப் போடும்போது எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண் ஒருபோதும் சொல்லப்படுவதில்லை. எதை அளக்கிறோமோ அதற்குத்தான் எல்லாரும் ஓடுவார்கள்.

தில்லிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் சொன்ன காற்றுத் தர எண்தான் அது. மாசு கடைசி கட்டத்துக்குப் போனால் நெடுஞ்சாலை வேலைகளும் நிற்கும். காற்றுக்கு அது தேவைதான். ஆனால் வேலை நிற்கும்போது தோண்டிய பள்ளம் அப்படியே இருக்கும், காவலுக்கு ஆள் இருக்க மாட்டார், மூடுபனியோ உச்சத்தில் இருக்கும். மறுபடி தொடங்கும்போது விட்டுப்போன நாட்களைப் பிடிக்க இரவு வேலை கூடும். தொழிலாளிக்கு அந்த நாட்களில் கூலியும் இல்லை. 2024 குளிர்காலத்தில் பதிவுபெற்ற கட்டுமானத் தொழிலாளர்களுக்கு வாழ்வூதியம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

‘பதிவுபெற்ற’ என்பதைக் கவனியுங்கள். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் செஸ்ஸாக வசூலிக்கப்பட்டு, தொழிலாளர் நலனுக்குப் போகிறது. அதில் பயன்பெற நல வாரியத்தில் பதிய வேண்டும். அதற்கு முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டுமான வேலை செய்ததைக் காட்ட வேண்டும் என்பது 1996 சட்டத்தின் நிபந்தனை. மூன்று மாதம் ஹரியானா, அடுத்த மூன்று மாதம் குஜராத், அப்புறம் தமிழ்நாடு என்று சாலையோடு நகரும் ஒருவர் எந்த மாநிலத்தில் பதிவார்?

தலைக்கு மேல் வேலை, கீழே வண்டி

புது நெடுஞ்சாலைகளில் பாதிக்கு மேல் பிரச்சினை தரையில் இல்லை, தலைக்கு மேல் இருக்கிறது என்று தோன்றும் அளவுக்கு உயர்மட்டச் சாலைகள் பெருகிவிட்டன. காரணம் புரிகிறது: ஊருக்குள் நிலம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் சாலையின் நடுவிலேயே தூண் எழுப்பி, மேலே கர்டர் வைக்கிறார்கள். கீழே போக்குவரத்து வழக்கம்போல ஓடுகிறது.

ஒரு கர்டர் பல டன் எடை. அதை நகர்த்தும் சில மணி நேரம்தான் மிக ஆபத்தான நேரம். அந்த நேரத்தில் ஜாக் வழுக்கலாம், தாங்கு கம்பி விலகலாம், இயந்திரம் சாயலாம். எந்தப் பொறியாளரும் இதெல்லாம் நடக்கவே நடக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. அதனால்தான் உலகம் முழுக்க இதற்கு ஒரே தீர்வு: எடை தலைக்கு மேல் நகரும்போது கீழே யாரும் இருக்கக் கூடாது. சாலையை அந்தச் சில மணி நேரம் முழுசாக மூட வேண்டும்.

இது நெடுஞ்சாலைக்கு மட்டும் உரியதில்லை. 2023 ஜனவரி 10-இல் பெங்களூரு நாகவாராவில் மெட்ரோ தூணுக்கான கம்பிக் கூடு சாய்ந்து, பைக்கில் போன ஒரு தாயும் குழந்தையும் இறந்தார்கள். 2025 ஜூன் 12 இரவு சென்னை ராமாபுரம் அருகே மெட்ரோவின் இரண்டு கர்டர்கள் விழுந்து பைக்கில் போனவர் இறந்தார். ஒப்பந்த நிறுவனத்துக்கு ₹1 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. ஐந்து மாதம் கழித்து அரூர்.

சாலையை மூடினால் மக்கள் திட்டுவார்கள் என்பது அதிகாரிகள் தரப்பின் நியாயமான கவலைதான். மதுரவாயல் முதல் வாலாஜா வரையிலான சாலையில் வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டவர்களுக்குப் பொறுமை குறைவாகத்தான் இருக்கும். அந்தச் சாலையைச் சரிசெய்யும்வரை பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. ஆனால் திட்டமிட்டு, முன்கூட்டியே அறிவித்து, ராத்திரி ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை மூடுவதும், வேலை முடியும்வரை குண்டும் குழியுமான ஒற்றைப் பாதையில் விடுவதும் ஒன்றில்லை. முதலாவது பாதுகாப்பு; இரண்டாவது வெறும் அலட்சியம்.

சில்க்யாராவில் இல்லாத வழி

சுரங்கத்தில் நிலைமை இன்னும் கடினம். சில்க்யாரா சுரங்கம் சார் தாம் நெடுஞ்சாலைத் திட்டத்தின் ஒரு பகுதி. நீளம் சுமார் 4.5 கிலோமீட்டர். 2018 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தபோதே, தப்பிக்கும் வழியோடு கூடிய சுரங்கம் என்றுதான் அறிவிப்பு சொன்னது. 2023 நவம்பரில் மண் சரிந்தபோது உள்ளே இருந்தவர்களுக்கு வெளியேற வழி எதுவும் இல்லை. வாயிலில் இருந்து சுமார் 200 மீட்டர் உள்ளே, ஏறக்குறைய 60 மீட்டர் நீளத்துக்கு இடிபாடு.

பெரிய துளைபோடும் இயந்திரம் கடைசி சில மீட்டரில் உடைந்து நின்றது. மிச்சத்தைக் கையால் தோண்டி முடித்தவர்கள் ‘எலி வளை’ முறையில் குழாய்க்குள் நுழைந்து வேலை செய்யும் தொழிலாளர்கள். அந்தக் குழுவில் தில்லியில் இருந்து போனவர்களும் இருந்தார்கள். வழக்கமாகத் தரைக்கடியில் குழாய் பதிப்பவர்கள். மந்திர் மார்க் பள்ளத்தில் நின்றவரின் தொழில்தான்.

அந்த மீட்பு நடந்துகொண்டிருந்தபோதே, நாடு முழுவதும் கட்டுமானத்தில் இருந்த 29 சுரங்கங்களையும் தணிக்கை செய்யப்போவதாக நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது. அவற்றின் மொத்த நீளம் சுமார் 79 கிலோமீட்டர். நல்ல முடிவுதான். ஆனால் 41 பேர் உள்ளே இருக்கும்போது வந்த முடிவு. சில்க்யாராவில் யாரும் இறக்கவில்லை என்பதால் அது வெற்றிக் கதையாக நினைவில் நிற்கிறது. வேலை தொடர்ந்தது, 2025 ஏப்ரலில் சுரங்கத்தின் இரு முனைகளும் சந்தித்தன. தப்பிக்கும் வழி ஏன் இல்லை என்ற கேள்விதான் பின்னால் போய்விட்டது.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

இங்கேதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்ட ஒப்பீடு இருக்கிறது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சாலையை வடிவமைப்பவர், கட்டுபவர், பராமரிப்பவர் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல், அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமடைந்தாலோ அபராதம் கட்ட வேண்டும். ஒப்பந்ததாரரை நேரடியாகப் பொறுப்பாக்கிய முக்கியமான மாற்றம் இது. ஆனால் அபராதம் எவ்வளவு? அதிகபட்சம் ₹1 லட்சம். நூற்றுக்கணக்கான கோடி ஒப்பந்தத்தில் இது டீ செலவு.

தொழிலாளி பக்கம் பார்ப்போம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தபட்சம் ₹5 லட்சம் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஒரே தடுப்பில் விளக்கு இல்லை. பள்ளத்தில் இருந்தவர் இறந்தால் குறைந்தபட்சம் ₹5 லட்சம். வண்டியில் வந்தவர் இறந்தால் அதிகபட்சம் ₹1 லட்சம், அதுவும் விபத்து நிதிக்குப் போகும். அலட்சியத்தால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை தண்டனை கேட்டு வழக்குப் போடலாம்தான். ஆனால் ஒப்பந்தச் சங்கிலியில் யாருடைய அலட்சியம் என்று நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் களத்தில் நின்ற சூப்பர்வைசரோடு கைது நின்றுவிடும்.

புதிய சட்டத் தொகுப்பில் இன்னொரு நல்ல மாற்றமும் உண்டு. பழைய 1996 சட்டப்படி 500 பேருக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடத்தில்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம். இப்போது 250 பேர் இருந்தாலே வேண்டும். ஆனால் நெடுஞ்சாலை வேலை ஓரிடத்தில் குவிவதில்லை. 40 கிலோமீட்டரில் இங்கே இருபது பேர், அங்கே முப்பது பேர் என்று சிதறியிருக்கும். துணை ஒப்பந்ததாரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ணிக் காட்டினால் 250-ஐ யாருமே தொட மாட்டார்கள். விதியை அமல்படுத்தும்போது மாநிலங்கள் மொத்தத் திட்டத்தையும் ஒரே இடமாக எண்ணுகின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும்.

அபராதத்தைவிட நிறுவனங்கள் பயப்படும் ஆயுதம் ஒன்று இருக்கிறது: அடுத்த டெண்டரில் கலந்துகொள்ளத் தடை. கூரியாடு, அரூர் இரண்டிலும் நெடுஞ்சாலை ஆணையம் அதைப் பயன்படுத்தியது. ஆனால் அது விபத்து நடந்த பிறகு, ஊடகங்களில் வந்த பிறகு வரும் தண்டனை. விளக்கு வைக்காத சாதாரண செவ்வாய்க்கிழமைகளுக்கு அது வருவதில்லை.

கணக்கில் யார் இருக்கிறார்கள்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2023-இல் இந்தியச் சாலைகளில் 1,72,890 பேர் இறந்தார்கள். நாளுக்கு சராசரியாக 470-க்கு மேல். 2022-இல் இறந்தவர்களில் 36 சதவீதம் பேர், 61,038 பேர், தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச்சாலைகளிலும் இறந்தவர்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் இவை ஏறத்தாழ 2 சதவீதம்தான். அதே ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

இந்த அறிக்கையில் ‘வேலை நடக்கும் சாலை’ என்று ஒரு வகை இருக்கிறது. அது நல்ல விஷயம். ஆனால் இறந்தவர் யார் என்று பிரிக்கும் அட்டவணைக்குப் போனால் பாதசாரி, சைக்கிள், இரு சக்கர வாகனம், கார், லாரி, பஸ் என்று போகும். சாலைத் தொழிலாளி என்று ஒரு வரிசை கிடையாது. கொடி பிடித்து நின்றவர் மேல் லாரி ஏறினால் அவர் பாதசாரியாகிவிடுவார். தெருவைக் கடந்தவரும் அவரும் ஒரே எண். லாஞ்சர் விழுந்து இறந்த 20 பேரோ சாலை விபத்துக் கணக்கிலேயே வர மாட்டார்கள், ஏனென்றால் அதில் மோட்டார் வாகனம் இல்லை. அவர்களைத் தேடத் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும்.

இப்படிப் பிரிந்து கிடப்பதால், ‘நாளுக்கு 30 கிலோமீட்டர் போடும்போது எத்தனை உயிர் போகிறது’ என்ற எளிய கேள்விக்கு எந்த ஒரு அறிக்கையையும் திறந்து பதில் சொல்ல முடியாது. எந்த ஒப்பந்ததாரரின் வேலையிடங்களில் அதிக விபத்து என்று ஒப்பிடவும் முடியாது. தரவு இல்லாமல் டெண்டரில் பாதுகாப்புக்கு மதிப்பெண் கொடுப்பது எப்படி?

மற்ற நாடுகளில்?

அமெரிக்காவில் சாலை வேலையிட மரணங்களைத் தனியாகவே எண்ணுகிறார்கள். சமீப ஆண்டுகளில் அது ஆண்டுக்குச் சுமார் 900. அதில் ஐந்தில் நான்கு பேர் தொழிலாளர்கள் அல்ல, வண்டியில் போனவர்கள். ‘தொழிலாளர் பாதுகாப்பு’ என்று நினைத்து நாம் ஒதுக்கிவைக்கும் விஷயம் அதிகம் காப்பாற்றுவது நம்மைத்தான் என்று அந்த எண் சொல்கிறது.

மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோர் அருகே 2023 மார்ச் 22-இல், அதிவேகமாக மோதிக்கொண்ட இரண்டு கார்களில் ஒன்று கான்கிரீட் தடுப்புகளின் இடைவெளி வழியாக வேலையிடத்துக்குள் பாய்ந்தது. 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த மாநிலம் புதுச் சட்டமே கொண்டுவந்தது: வேலையிடங்களில் கூடுதல் வேகக் கேமராக்கள், வேகத்துக்கு ஏற்ப ஏறும் அபராதம், ஆட்கள் இருக்கும்போது இரட்டிப்பு.

அதே பால்டிமோரில் 2024 மார்ச் 26-இல் சரக்குக் கப்பல் மோதி பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். கப்பலில் இருந்து அபாயச் செய்தி வந்ததும் போலீசார் சில நொடிகளில் பாலத்துக்கு வரும் வண்டிகளை நிறுத்தினார்கள். அதனால் எத்தனையோ உயிர்கள் தப்பின. பாலத்தின் மேல் குழி அடைத்துக்கொண்டிருந்த 8 தொழிலாளர்களுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. 6 பேர் இறந்தார்கள். பணக்கார நாட்டிலும் ஓட்டுநருக்கு ஒரு எச்சரிக்கை வழி, தொழிலாளிக்கு வேறு வழி என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

வண்டி ஓட்டும் நாம் என்ன செய்யலாம்?

முதல் பலகையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். 100-லிருந்து 60-க்கு இறங்கினால் நிற்கும் தூரம் 100 மீட்டர் குறைகிறது. இந்தியாவில் அதிகம் நடக்கும் விபத்து வகை பின்னால் இருந்து மோதுவது. பாதை குறுகும் இடத்தில் முன் வண்டியோடு இடைவெளி விட்டே போங்கள்.

திறக்காத சாலையில் ‘எல்லாரும்தான் போறாங்க’ என்று நுழையாதீர்கள். தடுப்பு நகர்ந்திருந்தால் சாலை தயார் என்று அர்த்தம் இல்லை. பரேலி சொன்ன பாடம்: வரைபடச் செயலிக்கு பாலம் முடிந்ததா என்று தெரியாது. தெரியாத ஊரில் இரவில் வழி புதிதாக, வெறிச்சோடி இருந்தால் நிறுத்தி ஒருவரிடம் கேளுங்கள்.

மேலே கிரேனோ லாஞ்சரோ நகர்ந்துகொண்டிருந்தால் அதன் கீழே காத்து நிற்காதீர்கள்.

விளக்கில்லாத தடுப்பு, மூடாத பள்ளம் பார்த்தால் தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐ அழைக்கலாம். ‘ராஜ்மார்க் யாத்ரா’ செயலியில் படத்தோடு புகார் போடலாம். புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாதபடி செய்வது அந்த எண்தான். விபத்து நடந்துவிட்டால், அடிபட்டவருக்கு 7 நாள் வரை ₹1.5 லட்சம் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே முதல் இருக்கிறது.

என்ன மாற வேண்டும்?

பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. மூன்று விஷயங்கள். ஒன்று, பாதுகாப்புச் செலவை ஒப்பந்தத்தில் தனி வரியாகப் பிரிக்க வேண்டும். வைத்த விளக்குக்குப் பணம், வைக்காவிட்டால் கிடையாது. இரண்டு, தலைக்கு மேல் கர்டர் நகரும்போது கீழே போக்குவரத்தை நிறுத்துவது அந்தந்த ஒப்பந்ததாரரின் விருப்பமாக இல்லாமல், அனுமதி வாங்காமல் தொடங்க முடியாத நிபந்தனையாக வேண்டும். மூன்று, வேலையிடங்களில் இறக்கும் தொழிலாளி, ஓட்டுநர், பாதசாரி எல்லாரையும் திட்டத்தின் பெயரோடும் ஒப்பந்ததாரரின் பெயரோடும் ஒரே பட்டியலில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மந்திர் மார்க்கின் காற்றுக்கு மணிக்கு மணி எண் வெளியிட முடிகிற அரசால் இதுவும் முடியும்.

அடுத்த நாள் சாயங்காலம் அதே வழியாக வந்தேன். பள்ளம் இன்னும் இருந்தது. தடுப்பில் யாரோ ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் சின்ன டார்ச்சை வைத்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். டேக்கேதார் அனுப்பியது மாதிரித் தெரியவில்லை.